பம்ப் ரூம் மேல் இரண்டு காக்கை

பம்பாயில் குளிர்காலம் வந்துவிட்டது என்பதை எங்கள் ஹவுசிங் சொசைட்டிக்கு அறிவிப்பவர் வாட்ச்மேன். வெப்பம் இருபது டிகிரிக்கு ஒரு புள்ளி கீழே இறங்கினாலும் காதை மூடிய குரங்குக் குல்லாயோடு கேட்டில் உட்கார்ந்துவிடுவார். அடுத்த நாளே மாடிக்காரர்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்க இறங்குவார்கள். காலையில் செம்பூர் முழுக்க வெள்ளையாக ஒரு திரை தொங்கும். அதைப் பனி என்று சொல்லிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். அது பனி இல்லை என்பது மூக்கு இருக்கிற எவருக்கும் தெரியும். இந்தக் காற்றுக்காகத்தான் இமயமலைக்கு அப்பாலிருந்தெல்லாம் பறவைகள் கிளம்பி வருகின்றன என்று என் அண்ணா சொன்னபோது, கிளம்புவதற்கு முன்னால் யாராவது அவற்றுக்கு விவரம் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் அண்ணா எங்கள் வீட்டில் வந்து தங்கினான். அவன் இருப்பது முலுண்டில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், நான்காம் மாடியில். இதயத்தில் மூன்று அடைப்பு இருக்கிறது, ஜனவரியில் பைபாஸ் செய்துவிடலாம், அதுவரை படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு, ஆஸ்பத்திரி ஆட்டோவில் ஐந்து நிமிஷம். மன்னி போய் ஆறு வருஷமாகிறது. ஒரே மகன் கனடாவில், ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்து இறங்குவதாக ஏற்பாடு. ஆகவே அண்ணா ஒரு பையில் துணியும் இரண்டு பையில் பைனாகுலர், பறவைப் புத்தகங்கள், நோட்டு, மடக்கு ஸ்டூல் ஆகியவையும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். பிரஷர் மாத்திரையை முலுண்டிலேயே மறந்துவிட்டான். பைனாகுலர் துடைக்கிற துணியை மறக்கவில்லை.

ரயில்வே ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் பார்த்தவன் அவன். ரிட்டயர் ஆனதும் பறவை பார்க்க ஆரம்பித்தான். பார்க்கிற முறை மட்டும் மாறவில்லை. நீள நோட்டில் ஸ்கேல் வைத்து ஐந்து கட்டம் போட்டிருப்பான்: தேதி, நேரம், பறவை, எத்தனை, பார்த்தவர். இந்தக் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை, பக்கம் பக்கமாக, ‘நான்’, ‘நான்’, ‘நான்’ என்றுதான் இருக்கும். பிறகு எதற்கு அந்தக் கட்டம் என்று ஒருமுறை கேட்டேன்.

“ரெக்கார்டுன்னா யார் பார்த்தான்னு இருக்கணும்டி. இல்லாட்டா அது வெறும் வம்பு.”

முலுண்டில் பறவை பார்க்கிறவர்கள் குழு ஒன்று இருந்தது. அதில் ஒரு மாமா, குரல் மட்டும் கேட்ட ஒரு பறவையைப் பார்த்ததாக எழுதிவிட்டார். அண்ணா அதைச் சபையில் கிளப்பினான். பெரிய ரகளையாகி, ஒரு மாசம் இவன் அவர்களோடு பேசவில்லை. அதற்கப்புறம் அவர்கள் இவனோடு பேசவில்லை. அன்றிலிருந்து தனிக்காட்டு ராஜாவாகத்தான் பறவை பார்க்கிறான்.

எங்கள் வீட்டில் ராஜாங்கம் சமையலறைக்குள் நடந்தது. பின்பக்கம் பார்த்துத் திறப்பது அங்கிருக்கிற ஒரு ஜன்னல்தான். கீழே பம்ப் ரூமின் சிமென்ட் கூரை, அதை ஒட்டி ஓர் அத்தி மரம், அதற்கப்பால் சாக்கடை ஓரமாக ஒரு சந்து. நாற்பது வருஷமாக அந்த ஜன்னலில் நான் பார்த்தது பக்கத்துக் கட்டடத்தில் உலர்த்திய துணிகளை மட்டும்தான். அண்ணா வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அங்கே தேன்சிட்டும் குக்குறுவானும் கிளிகளும் குடித்தனம் நடத்துவது தெரிந்தது. எங்கேயோ வடக்கே கோடையைக் கழித்த வாலாட்டி ஒன்று, அத்தனை தூரம் பறந்து வந்து, எங்கள் சாக்கடை ஓரத்தில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறு தண்ணீரே இல்லாத மாதிரி அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

பறவைகள் சுகமாக இருந்தன, நான்தான் இல்லை. தோசைத் திருப்பியை எடுக்கக் கையை நீட்டினால், “அசையாதே” என்பான். குக்கர் விசில் அடித்தால் என்னை முறைப்பான். என் கணவர் எட்டு மணி லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டியவர். ஒரு குருவி எழுந்து போகிறவரை காபிக்காக அவர் வாசற்படியில் நின்ற நாட்கள் உண்டு. மச்சினன் நோயாளி என்பதால் ஆபீஸ் காண்டீனில் போய்க் குடித்துக்கொண்டார்.

இந்த நோட்டினால் எனக்கும் அவனுக்கும் ஒரு சண்டை வந்தது. ஒருநாள் அவன் குளிக்கப் போயிருந்தான். ஏழு நாற்பது இருக்கும். அத்தி மரத்தில் பளீரென்று மஞ்சளாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. சிவந்த மூக்கு, கண்ணில் மை தீட்டியதுபோல் கறுப்புக் கோடு. இரண்டு நிமிஷம் இருந்து பழம் தின்றுவிட்டுப் போயிற்று. நான் போட்ட சத்தத்தில் அண்ணா துண்டோடு ஓடி வந்தான்.

“மாங்குயில்! ஒரு மாசமா அதுக்காகத்தான் உட்கார்ந்திண்டிருக்கேன். கறுப்புக் கோடு கண்ணுக்குப் பின்னாடியும் போச்சா?”

“போச்சு.”

“நன்னாத் தெரியுமா?”

“என் கண்ணால பார்த்தேன் அண்ணா. எழுதிக்கோ. ஏழு நாப்பது.”

அவன் நோட்டை எடுத்தான், யோசித்தான், மூடிவிட்டான்.

“நான் பார்க்கல. எழுத முடியாது.”

“பார்த்தவர்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னைப் போடு.”

“நீ பருப்பு வெந்துதான்னு பார்த்திண்டிருந்தே. உன் சாட்சி எடுபடாது.”

எனக்கு வந்த கோபத்தில் அன்று அவன் ரசத்தில் உப்பே போடவில்லை. டாக்டரும் அதைத்தான் சொல்லியிருந்தார் என்பதால் என்னை யாரும் குறை சொல்ல முடியவில்லை.

அந்த நோட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். ஒவ்வொரு நாள் பட்டியலின் கடைசியிலும் ‘காக்கை: இல்லை’ என்று எழுதியிருந்தான். காக்கை இல்லாத தமிழ்க் குடித்தனத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் எங்கள் கட்டடத்துக்கு அந்தப் பாக்கியமும் கிடைத்திருந்தது. அதைக் கொண்டுவந்தது எங்கள் கமிட்டி.

புறா எச்சம் நுரையீரலுக்குக் கெடுதல் என்று கமிட்டி புறாக்கள்மேல் போர் தொடுத்திருந்தது. விஷயம் நியாயமானதுதான். போர் நடந்த விதம்தான் வேடிக்கை. முதலில் வலை கட்டினார்கள். புறாக்கள் வலைக்கு உள்ளே வந்து முட்டையிட்டன. பிறகு பிளாஸ்டிக் ஆந்தை வைத்தார்கள். அதன் தலைமேல் உட்கார்ந்து ஒரு புறா வெயில் காய்ந்தது. கடைசியில் செக்ரட்டரி எங்கிருந்தோ ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்து தண்ணீர்த் தொட்டிமேல் மாட்டினார். காலை ஏழு மணியிலிருந்து அரை மணிக்கு ஒருதரம் அது பருந்து மாதிரி கிறீச்சிடும். முதல் வாரம் அக்கம்பக்கத்துக் காக்கைகள் எல்லாம் கூட்டம் கூடி, அந்த ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. ஆள் கண்ணில் படாமல் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தால் அவைதான் என்ன செய்யும்? இரண்டாம் வாரம் ஒட்டுமொத்தமாக இடத்தைக் காலி செய்துவிட்டன. புறாக்கள் மட்டும் அசையவில்லை. ஸ்பீக்கர்மேல் உட்கார நல்ல தகடு இருந்தது.

“இது நம்ம ஊர்ப் பருந்தே இல்லடி. ஏதோ வெளிநாட்டுப் பருந்து” என்று அண்ணா முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். கட்டட வாட்ஸ்அப்பில் இரண்டு பேர் அந்தப் பருந்தைக் கண்ணால் பார்த்ததாகவே எழுதியிருந்தார்கள். அதைப் படித்துக் காட்டியபோது அவன் அத்தனை சிரித்தான், நெஞ்சு வலிக்கப் போகிறதே என்று நான் பயந்துபோனேன்.

காக்கை இல்லாதது எனக்குச் சிரிப்பாக இல்லை. பொங்கலுக்கு மறுநாள் கனு வருகிறது. எங்கள் வீடுகளில் பெண்கள் அன்று காலையில் குளிப்பதற்கு முன்னால், வெறும் வயிற்றோடு, மஞ்சள் செடியின் இலையில் சாதத்தை மஞ்சளாகவும் சிவப்பாகவும் வெள்ளையாகவும் சிறு சிறு பிடிகளாக வைப்பார்கள். கூடவே சர்க்கரைப் பொங்கல், கரும்புத் துண்டு, வாழைப்பழம். கூடப் பிறந்தவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு பறவைகளுக்கு வைக்கிற படையல் அது. சாஸ்திரத்தில் எந்தப் பறவை என்று இருக்கிறதோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வழக்கத்தில் காக்கை வந்து எடுக்க வேண்டும். எடுத்தால்தான் மனசு ஆறும்.

நான் அதை இரண்டு வருஷமாக வைக்கவில்லை. மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில், பந்தியில், அத்தனை சொந்தக்காரர்களுக்கும் எதிரில் அண்ணா என்னைக் கேலி செய்திருந்தான். “வருஷா வருஷம் இவ காக்காக்கு லஞ்சம் குடுக்கறா. அது என்னைப் பார்த்துக்குமாம். நான் ஒழுங்கா நடந்து ஒழுங்கா சாப்பிட்டா போறாதா?” என்று சொல்லிவிட்டு ஜாங்கிரியை எடுத்துக்கொண்டான், மூன்றாவது ஜாங்கிரி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, இனி வைக்கவே போவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த கனுவுக்கு வைக்கவில்லை, அதற்கடுத்த கனுவுக்கும் வைக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் டாக்டர் மூன்று அடைப்பு என்று படத்தைக் காட்டினார்.

ஜாங்கிரிக்கும் அடைப்புக்கும் சம்பந்தம் உண்டு, காக்கைக்கும் அடைப்புக்கும் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் படித்தவள்தான், முப்பது வருஷம் ஆபீஸ் போனவள்தான். ஆனாலும் அவன் சமையலறை ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நான் வைக்காமல் விட்டதால்தான் என்று தோன்றும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். கனுவுக்கு மூன்றாம் நாள். இந்த வருஷம் வைத்தே தீருவது என்றும் அவனுக்குத் தெரியாமல் வைப்பது என்றும் முடிவு செய்தேன். தெரிந்தால் கேலி செய்வான். கேலி செய்தால் நான் அழுதுவிடுவேன். நான் அழுதால் அவன் பயந்துவிடுவான்.

செம்பூர் மார்க்கெட்டிலிருந்து மஞ்சள் கொத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோதே பிடித்துவிட்டான்.

“என்னடி, காக்கா டிபார்ட்மென்டை மறுபடி திறந்தாச்சா?”

“பொங்கப் பானைல கட்ட மஞ்சள் வேண்டாமா?”

“இலை நிறைய இருக்கே.”

“கொத்துன்னா இலை இருக்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. மொட்டை மாடிக்குப் பூட்டு. பறவைகளுக்கு எந்தத் தின்பண்டமும் போடக் கூடாது என்று லிஃப்டுக்குப் பக்கத்தில் மூன்று பாஷையில் நோட்டீஸ். முதல் மாடிப் படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாகக் கையை நீட்டினால் பம்ப் ரூம் கூரை எட்டும். கனு அன்று, கணவரும் அண்ணாவும் எழுவதற்கு முன்னால் சாதத்தைப் பிடித்து, தட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, திருடியைப்போலப் படி இறங்கினேன். வயது ஐம்பத்தொன்பது. ஜன்னல் கட்டையில் வயிற்றை வைத்து அழுத்தி, இலையைக் கூரைமேல் விரித்து, ஒவ்வொரு பிடியாக வைத்தேன். கடைசிப் பிடி வைக்கும்போது கீழேயிருந்து குரங்குக் குல்லாய் நிமிர்ந்து பார்த்தது.

“ஆண்டி, கபூதர் கோ கானா மனா ஹை.” புறாவுக்குச் சாப்பாடு கூடாதாம்.

“கபூதர் கே லியே நஹி. கவ்வா கே லியே.” புறாவுக்கில்லை, காக்கைக்கு.

வாட்ச்மேன் வானத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை பொறுமையாகப் பார்த்தார்.

“கவ்வா கஹாங் ஹை?”

காக்கை எங்கே என்று அவர் கேட்டதில் கேலி எதுவும் இல்லை. உண்மையாகவே தேடினார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பார்க்காதவர்போல் கேட்டுக்குப் போய்விட்டார். இன்றுவரை செக்ரட்டரியிடம் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

நான் ஜன்னலில் நின்றேன். வெள்ளைத் திரைக்குள் சூரியன் ஒரு பொட்டு மாதிரி தெரிந்தது. மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, கா கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அத்தி மரத்தில் ஒரு கிளி கத்தியது. ஏழரைக்கு ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் புறாக்களுக்கு ஹோட்டல் மணி மாதிரி பழகிப்போயிருந்தது போலும். தொட்டிமேலிருந்து எல்லாமாகச் சேர்ந்து இறங்கின. கையைத் தட்டினேன். ச்சூ ச்சூ என்றேன். கழுத்தைத் திருப்பி ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டு, மஞ்சள் பிடியில் ஆரம்பித்துச் சர்க்கரைப் பொங்கல்வரை வரிசையாகத் தின்று தீர்த்தன. ஐந்தாறு நிமிஷத்தில் இலையும் கரும்புத் துண்டும்தான் மிச்சம். காக்கையின் நிழல்கூட வரவில்லை.

படியில் உட்கார்ந்து அழுதேன். சாக்கடை ஓரத்து வாலாட்டிக்குப் பாதை தெரிகிறது, அடுத்த தெருக் காக்கைக்கு என் வீடு தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

அண்ணா எழுந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பைனாகுலர். என் கையில் காலித் தட்டு. ஒளிக்க ஒன்றுமில்லை. கேலிக்குத் தயாராக நின்றேன்.

“வந்துதா?” என்றான், அவ்வளவுதான்.

“வந்தது” என்றேன். போதாது என்று பட்டது. “ரெண்டு.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். மாங்குயிலுக்குக் கேட்டதுபோல் மூக்கு எப்படி, கழுத்து சாம்பலா கறுப்பா என்று ஆரம்பிப்பான் என்று நினைத்தேன்.

“சரி. போய்க் குளி. வெறும் வயித்தோட எத்தனை நாழி நிப்பே.”

அத்தி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான், கீழே நடந்தது எதுவும் அவன் கண்ணில் படவில்லை என்று நிம்மதியாகக் குளிக்கப் போனேன். அன்றைய தலைவாழை இலைச் சாப்பாட்டில் அவனுக்குத் தேங்காய் சாதம் ஒரு கவளம்தான் போட்டேன். அதை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டான்.

ஆபரேஷன் அன்று காலையில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே நோட்டை என்னிடம் கொடுத்தான்.

“பத்திரமா வெச்சுக்கோ. நான் வரவரைக்கும் அதுல எதுவும் எழுதாதே.”

நோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கதவு மூடிய பிறகு மருமகனும் நானும் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தோம். அண்ணாவின் மகனைத்தான் மருமகன் என்கிறேன். ஒருமணி நேரம் சுவரைப் பார்த்தேன். இரண்டாம் மணியில் நோட்டைத் திறந்தேன். கனு நாளின் பக்கம் வந்தது.

மாடப்புறா, 14. நேரம் 7.30 முதல் 7.36 வரை. பம்ப் ரூம் மேல். பார்த்தவர்: நான்.

அதற்குக் கீழே, அதே ஸ்கேல் வைத்த கோட்டுக்குள், அதே ஃபைல் கையெழுத்தில் இன்னொரு வரி.

காக்கை, 2. பார்த்தவர்: தங்கை.

முழுவதையும் பார்த்திருக்கிறான். நான் ஜன்னலில் தொங்கியதை, கைதட்டியதை, புறாக்கள் எண்ணிப் பதினான்கு என்பதை. பார்த்துவிட்டு, மேலே ஏறி வந்து நான் சொன்ன பொய்யைக் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறான். நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். வேறு எங்கேயும் ‘நான்’ தவிர ஒரு பெயர் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். மருமகன் பதறி என் தோளைப் பிடித்தான். பம்பாயில் பிறந்து வளர்ந்து கனடாவுக்குப் போன பிள்ளை. தமிழ் பேசுவான், படிக்க வராது. நோட்டை எட்டிப் பார்த்தான்.

“அத்தை, இது என்ன, ஸ்லோகமா?”

“ஆமாம்” என்றேன்.

அவன் பக்தியோடு கையைக் கூப்பிக்கொண்டான். புறா பதினான்கு, காக்கை இரண்டு. அன்றைக்கு எனக்கும் வேறு ஸ்லோகம் நினைவுக்கு வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பன்னிரண்டு நாள் கழித்து, நெஞ்சைத் தலையணையால் பிடித்துக்கொண்டு, அண்ணா மறுபடியும் சமையலறையில் வந்து உட்கார்ந்தான். ஸ்டூல் கூடாது என்று முதுகு சாய்கிற நாற்காலி போட்டிருந்தேன். பாதி இளைத்திருந்தான். முதலில் நோட்டைக் கேட்டான். நான் ஒரு வரிகூட எழுதவில்லைதானே என்று சரிபார்த்தான்.

நான் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டேன்.

“மாங்குயிலை ஏன் எழுதல?”

“அதை நான் பார்க்கலையே.”

“காக்காவ?”

அவன் பைனாகுலரைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான். பேசுவதற்கு மூச்சுச் சேர்க்க வேண்டியிருந்தது.

“அன்னிக்கு உனக்கு முன்னாடியே முழிச்சுட்டு, தூங்கறாப்ல படுத்திருந்தேன். நீ படி இறங்கினதும் ஜன்னலுக்கு வந்துட்டேன். நீ பிடி வைக்கறதுக்கு முன்னாலேர்ந்து தேடிண்டிருந்தேன்” என்றான். “தொட்டி மேல, ஒயர் மேல, அடுத்த பில்டிங் மேல. ஒண்ணுமே இல்ல. எனக்கும் ஒண்ணு வரணும்போல இருந்ததுடி.”

நான் பாலை இறக்கிவிட்டு ஜன்னலோரம் அவன் பக்கத்தில் போய் நின்றேன். ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. தொட்டியிலிருந்து புறாக்கள் பம்ப் ரூம் மேல் வந்து இறங்கி, கனுவுக்கு வைத்த காய்ந்த இலையைப் புரட்டிப் பார்த்தன. நான் கை தட்டப் போனேன். அண்ணா என் கையைப் பிடித்துக்கொண்டான்.